ஈரக்கால்

நான்கு சொற்களை மொழிபெயர்க்க முடியாமல் பல வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறேன். கவிதையில் வரும் சொற்கள் அல்ல. 'வெட் ஃபுட், ட்ரை ஃபுட்.' கடலில் பிடிபட்ட கியூபர்களை அமெரிக்க அரசாங்கம் 1995 முதல் 2017 வரை நடத்திய விதத்துக்குப் பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் வைத்த பெயர். பிறகு அரசாங்கமே அதைத்தான் சொல்லிவந்தது. ஈரக்கால், உலர்ந்த கால். கடலில் அகப்பட்டவன் ஈரக்கால். அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்க மண்ணில் ஒரு அடி வைத்துவிட்டவன் உலர்ந்த கால். அவன் தங்கலாம், ஒரு வருஷம் கழித்து நிரந்தரவாசியாக விண்ணப்பிக்கலாம். எந்தச் சட்டத்திலும் 'கால்' என்ற சொல் கிடையாது. 1966ஆம் வருஷத்துக் கியூபர் சட்டம் ஒன்றும், 1995 மே மாதம் இரண்டு அரசாங்கங்கள் வெளியிட்ட கூட்டறிக்கை ஒன்றும் மட்டுமே உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடுவில் ஒரு கால் முளைக்கிறது. தெருவில் பாண்டி ஆடும் பெண்பிள்ளைகள் கோட்டை மிதித்தவளை அவுட் என்று சொல்லி ஓரத்தில் நிறுத்துவார்கள் அல்லவா, அந்த மாதிரி.

எனக்கு வந்தது அகராதிச் சிக்கல் அல்ல. எங்கள் பக்கத்து வீடுகளில் வெளியே போய் வந்தவன் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். முற்றத்தில் வாளியும் செம்பும் இருக்கும். காய்ந்த காலோடு விறாந்தையில் ஏறினால் அம்மா ஏசுவாள். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலையோடு முழுக்கு. உள்ளே வர அனுமதி பெற்றவன் ஈரக்காலன்தான். போதாததற்கு ஈரம் என்றால் தமிழில் இரக்கம் என்றும் அர்த்தம். ஈரமில்லாதவன் என்று ஒருவனைச் சொன்னால் அதற்கு மேல் வசை தேவையில்லை. ஆக, 'ஈரக்கால் திருப்பி அனுப்பப்படும்' என்று எழுதினால் தமிழ் வாசகனுக்கு அது தலைகீழாகத்தான் கேட்கும். இரண்டு மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.

இதற்குள் நான் வந்து விழுந்தது இலக்கியத்தின் வழியாக. தொண்ணூறுகளின் நடுவில் திருச்சியில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் தம் பத்திரிகைக்கு லத்தீன் அமெரிக்க இதழ் கொண்டுவரத் திட்டமிட்டு, ரெய்னால்டோ அரேனாஸின் சுயசரிதத்தின் ஆங்கிலப் பிரதியை என்னிடம் தந்து பத்துப் பக்கம் மொழிபெயர்க்கச் சொன்னார். (இதழ் வரவில்லை. நம்முடைய சிறப்பிதழ்களில் பாதி அறிவிப்போடு முடிந்துவிடுகிறவை.) அரேனாஸ் 1980இல் மாரியல் துறைமுகம் வழியாகக் கியூபாவை விட்டு வெளியேறியவர். எழுத்துக்காகவும் தன் பால்விருப்புக்காகவும் சிறை சென்றவர். வெளியேற அனுமதி கிடைத்தாலும், எழுத்தாளர்கள் வெளியேறக் கூடாது என்று துறைமுகத்தில் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தார்கள். அவர் தன் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரில் ஒரே ஒரு உயிரெழுத்தைப் பேனாவால் மாற்றினார். அரேனாஸ், அரினாஸ் ஆயிற்று. அதிகாரி பட்டியலைப் பார்த்தான். அப்படி ஒரு பெயர் இல்லை. போகவிட்டான். மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு இந்த இடத்தில் கை நடுங்காமல் இருக்காது. நான் தினமும் சிவப்பு மசியில் செய்துகொண்டிருந்த காரியத்தைச் செய்து ஒரு மனிதன் உயிர் தப்பியிருக்கிறான். அரேனாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் மணல் என்று பொருள் என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

அந்த 1980ஆம் வருஷம் ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் மாரியலிலிருந்து படகேறினார்கள். ஹவானாவில் பெரு நாட்டுத் தூதரகத்துக்குள் பத்தாயிரம் பேர் போல நுழைந்து நின்றதில் தொடங்கியது அது. போகிறவர்களைக் காஸ்ட்ரோவின் அரசாங்கம் கழிவு என்றது. முன்பே வெளியேறியவர்களுக்குப் புழு என்று பெயர் இருந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் அதே ஆள் கம்யூனிசத்தின் கோரத்துக்குச் சாட்சி ஆகிறான். மாதம் இரண்டு போனால் மயாமியிலேயே அவனைக் குற்றவாளி என்று பேசுகிறார்கள். என் நண்பர்களிலும் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சிக்குப் படகில் போனவன் துரோகி, இன்னொன்றுக்கு வீரன். இரவு முழுவதும் தேநீர்க் கடை பெஞ்சில் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அவன் பயந்தவன், களைத்தவன், ஏதோ ஒன்றைச் சாப்பிட விரும்பியவன், மச்சினிக்குக் கடிதம் போட வேண்டியவன் என்று எவரும் சொன்ன ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை.

1980இல் அமெரிக்கக் கடற்காவல் படையின் வெள்ளைக் கப்பல்கள் (முகப்பில் சாய்வாக ஒரு சிவப்புப் பட்டை இருக்கும்) பழுதான படகுகளைக் கட்டி இழுத்துக் கீ வெஸ்ட்டில் கொண்டு சேர்த்தன. அதன் பிறகும் பதினான்கு வருஷம் அப்படித்தான். கடலில் கண்டெடுத்த கியூபனைக் கரைக்குத்தான் கொண்டுவருவார்கள். 1991இல் சோவியத் யூனியன் இல்லாமல் போனபின் கியூபாவில் எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, சோறில்லை. 1994 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஹவானாவின் கடற்கரைச் சாலையில் கலவரம். காஸ்ட்ரோ, போகிறவர்களை இனித் தடுக்கப்போவதில்லை என்று அறிவித்தார். லாரி டியூபு, கதவுப் பலகை, தகர டிரம், தார்ப்பாய் எல்லாவற்றையும் கட்டிக் கடலில் இறங்கினார்கள். இடையில் 90 மைல். இவர்களுக்கு ஸ்பானியத்தில் 'பல்சேரோ' என்று பெயர். பல்சா என்றால் தெப்பம். தெப்பக்காரர்கள் என்று எழுதினேன், உடனே கோயில் குளமும் வாணவேடிக்கையும் கண்ணில் வந்து நின்றன. அதையும் அடித்தேன்.

அந்தக் கோடையில் ஆட்களை ஏற்றிக்கொண்டபின் வெறும் தெப்பங்களைச் சிப்பாய்கள் அப்படியே மிதக்கவிட்டார்கள். வேறு கப்பல் வந்து மறுபடி தேடாமலிருக்க, அவற்றின் மேல் பெயின்டால் 'ஓகே' என்று எழுதினார்கள். எழுதப்படாத வெறும் தெப்பங்களும் மிதந்தன. இந்த ஒரு விவரத்தை நான் எங்கும் பயன்படுத்தக் கூடாது என்று நெடுநாள் வைத்திருந்தேன். கவிதையில் போட்டால் கெட்டுப்போகும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 19ஆம் தேதி கிளின்டன் அரசாங்கம் வழியை மாற்றியது. இனிக் கடலில் பிடிபடுகிறவர்கள் கரைக்கு வர மாட்டார்கள். குவாண்டானமோ தளத்தில் வைக்கப்படுவார்கள். குவாண்டானமோ இருப்பது கியூபாத் தீவில். 1903இலிருந்து அமெரிக்கா குத்தகைக்கு வைத்திருக்கும் துண்டு. தீவை விட்டுத் தப்பியவர்களை எடுத்து அதே தீவின் வேறொரு மூலையில் கூடாரங்களில் வைத்தார்கள், முப்பதாயிரம் பேருக்கு மேல். வேலிக்கு அப்பால் கண்ணிவெடி, அதற்கு அப்பால் அவர்களுடைய சொந்த நாடு. பொறுக்க முடியாமல் சிலர் அந்த வேலியையும் கடந்து திரும்பிப் போனார்கள். செப்டம்பரில் ஒப்பந்தம் வந்தது: வருஷத்துக்குக் குறைந்தது 20,000 பேருக்கு முறைப்படி விசா, பதிலுக்குக் கியூபா தன் கரையைக் காக்கும். மறு வருஷம் மே 2ஆம் தேதி அறிக்கையில் குவாண்டானமோவில் இருந்தவர்களில் பெரும்பாலோரை உள்ளே எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார்கள். அன்று முதல் கடலில் பிடிபட்டவன் திரும்பிப் போக வேண்டியவன். ஹவானாவுக்கு மேற்கே கபான்யாஸ் என்று ஒரு துறைமுகம். அங்கே கொண்டுபோய் இறக்குவார்கள். அதே வெள்ளைக் கப்பல்கள்தான்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இதெல்லாம் எப்படிச் சட்டப்படி சாத்தியமாயிற்று என்று தேடியபோது, கியூபர்களுக்கு முன் ஹெய்ட்டிக்காரர்களிடம் போய் நின்றேன். 1981 முதல் ஹெய்ட்டிப் படகுகளை மறித்துவந்தார்கள். 1992 மே மாதம் மூத்த புஷ், விசாரணை எதுவும் இல்லாமல் அவர்களைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார்; தேர்தலில் அதைக் கண்டித்த கிளின்டன் பதவிக்கு வந்ததும் அதையே தொடர்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையின் 33ஆவது ஷரத்து, அகதியை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பக் கூடாது என்கிறது. ஆங்கில வாசகத்திலேயே 'திருப்பு' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ரெஃபூலே' என்ற பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. நீதிபதிகள் பிரெஞ்சு அகராதிகளைப் புரட்டினார்கள். விரட்டு, தள்ளு, எதிர்த்து நிறுத்து என்றெல்லாம் அர்த்தங்கள் இருந்தன. ஆகவே இங்கே 'திருப்பு' என்பது எல்லையில் வந்து நிற்பவனைத் தள்ளுவதையே குறிக்கும், நடுக்கடலில் இருப்பவன் எல்லைக்கே வரவில்லை, அவனுக்கு இந்த ஷரத்து பொருந்தாது என்று 1993 ஜூனில் எட்டுப் பேர் தீர்ப்புச் சொன்னார்கள். பிளாக்மன் என்ற முதிய நீதிபதி ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. திருப்பு என்றால் திருப்புதான் என்று அவர் கருதினார். மொழிபெயர்ப்பு பற்றி நாம் எழுதிக் குவித்த கட்டுரைகளில் எதிலும் இவ்வளவு பெரிய தொகை பணயம் வைக்கப்பட்டதில்லை. ஒரு அடைப்புக்குறி. நான் எத்தனை அடைப்புக்குறிகளை யோசிக்காமல் எடுத்திருக்கிறேன்.

கியூபர்களின் உலர்ந்த கால் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தன் எடையைப் பெறுகிறது. கடல் யாருடைய இடமும் இல்லை, ஆகவே அங்கே யாருக்கும் கடமையும் இல்லை. கப்பல் தளத்தில் வைத்து ஏதோ கேட்பார்கள். திரும்பிப் போனால் உயிருக்குப் பயம் என்று ஒரு கியூபன் நம்பும்படி சொன்னால் அவனைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஹெய்ட்டிக்காரனுக்கு அதுவும் இல்லை. அவன் தானாகவே கத்த வேண்டும், அல்லது உடம்பால் பயத்தைக் காட்ட வேண்டும். அதற்குக் கத்தல் சோதனை என்றே பெயர் வந்துவிட்டது. மௌனமாகப் பயப்படுகிறவனுக்கு இடமில்லை. எங்கள் ஊர்க் கிழவிகள் எல்லோரும் அந்தச் சோதனையில் தோற்றிருப்பார்கள்.

அரசாங்கம் சொன்ன காரணம் பொய் அல்ல. எல்லோரையும் ஏற்றுக்கொண்டால் இன்னும் பலர் டியூபில் ஏறிச் சாவார்கள் என்றது. ஆனால் கடைசி நூறு கஜத்துக்குப் பரிசு வைத்தால் என்ன நடக்கும் என்பதும் நடந்தது. தெப்பம் போய், ஆளுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் விசைப்படகு வந்தது. 1999 ஜூன் 29ஆம் தேதி மயாமிக்கு வடக்கே சர்ஃப்சைடு கடற்கரையில் ஆறு கியூபர்கள் ஒரு சிறு படகிலிருந்து குதித்துக் கரையை நோக்கி நீந்தினார்கள். கடற்காவல் படையினர் நீரைப் பீய்ச்சியும் மிளகுப் புகை தெளித்தும் அவர்களைத் தடுத்தார்கள். தொலைக்காட்சி அதை அப்படியே காட்டியது. மணலைத் தொட்டவனைப் பிறகு தடுக்கக் கூடாது என்பதால், தொடுவதற்கு முன் தடுக்க வேண்டும்; அந்த நிமிஷங்களில் சட்டமும் மனிதனும் ஒரே கரைக்கு நீந்துகிறார்கள். ஊர் கொந்தளித்ததில் அறுவரையும் பின்னர் தங்கவிட்டார்கள். 2003 ஜூலையில் 12 பேர் ஒரு 1951 செவர்லே லாரியின் இரு பக்கமும் காலி டிரம்களைக் கட்டி, கடல் மேல் ஓட்டியே வந்தார்கள். ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு லாரியைக் கடலில் மூழ்கடித்தார்கள். மறு வருஷம் அவர்களில் சிலர் 1959 ப்யூக் கார் ஒன்றில் மறுபடி வந்தார்கள். சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது 2006இல். அந்த ஜனவரி முதல் வாரம் 15 கியூபர்கள், சிறு குழந்தையோடு, ஃப்ளோரிடாத் தீவுகளில் ஏழு மைல் பாலத்தில் வந்து ஏறினார்கள். அங்கே இரண்டு பாலங்கள் உண்டு. பழையது ஃப்ளாக்லர் என்ற முதலாளி 1912இல் திறந்த கடல் ரயில்பாதையின் பகுதி. (நம் பாம்பன் பாலம் 1914. அவர்கள் ரயில்பாதையை 1935 புயல் அழித்து, மீட்கப் போன ரயிலையே கவிழ்த்துப் போட்டது. நம் தனுஷ்கோடி ரயில் 1964இல் போயிற்று. இதில் எனக்கு ஏன் இவ்வளவு சிரத்தை என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.) 1982இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் பழையதில் சில கண்ணிகளை எடுத்துவிட்டார்கள். அந்தப் பதினைந்து பேர் ஏறியது இரு பக்கமும் துண்டிக்கப்பட்டுக் கடலில் தனியாக நிற்கும் பகுதியில். அமெரிக்காவைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்தார்கள். அரசாங்கம் யோசித்தது. இந்தத் துண்டிலிருந்து நடந்து கரைக்குப் போக முடியாது. ஆகவே இது நிலம் அல்ல. ஆகவே இவர்களுடைய கால்கள் ஈரம். சில நாட்களில் கியூபாவில் கொண்டுபோய் விட்டார்கள். பிப்ரவரி 28ஆம் தேதி மொரேனோ என்ற மயாமி நீதிபதி, அந்தப் பாலம் அமெரிக்காதான், அனுப்பியது நியாயமற்றது என்று தீர்ப்புச் சொன்னார். அப்போது அவர்கள் கியூபாவில் இருந்தார்கள்.

அந்தச் செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் படித்தேன். கத்தரித்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஏனென்றால் அந்தப் பாலத்துண்டில் நான் நின்றிருக்கிறேன்.

1990 ஆகஸ்ட். பேசாலையிலிருந்து இரவு வள்ளம் ஏறினோம். அம்மா, தங்கை, நான். மொத்தம் 17 பேர். சோழகக் காற்று. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீட்டர் வராது. ஆனால் இடையில் சங்கிலி மாதிரி மணல் தீடைகள். விடியுமுன் ஒரு தீடையில் ஓட்டி வள்ளத்தை முட்டவைத்து, "இறங்குங்கோ, இதுதான் இந்தியா, இனி நடந்து போகலாம்" என்றான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறினோம். வள்ளம் இருட்டில் போய்விட்டது. வெளிச்சம் வந்தபோது நடந்து போக ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் கடல். இருநூறு அடி நீளம் இருக்கலாம், ஒரு மரம் இல்லை, கூட்டமாய் ஆலாக்கள். எங்களோடு வந்த கிழவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "தம்பி, இது எங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?"

எனக்குத் தெரியவில்லை. 1974இல் இரண்டு அரசாங்கங்கள் அந்தத் தீடைகளுக்கு ஊடாகக் கோடு கிழித்திருந்தன என்று வகுப்பில் படித்திருந்தேன். கோடு மணலில் தெரியவில்லை. பக்கத்தில் தெரிந்த இன்னொரு தீடை இந்தியாவா, நாங்கள் நின்றது இலங்கையா. நீந்திப் போனால் அகதியா, நின்றால் கள்ளனா? வெயில் ஏற ஏற மணல் காலைச் சுட்டது. தண்ணீரில் போய் நிற்போம். நேவி வந்தால் தண்ணீரில் நிற்பவனைத்தான் முதலில் சுடுவான் என்று ஒருவர் சொன்னதும் மணலுக்கு வருவோம். ஈரமும் உலர்வுமாக மதியம் வரை இதே வேலை. மத்தியானத்துக்குப் பின் ராமேஸ்வரத்து மீனவர்கள் இருவர் வந்தார்கள். குடத்துத் தண்ணீரை நீட்டி, "பயப்படாதீங்க, இது நாலாம் திட்டு, நம்ம பக்கம்தான்" என்றார்கள். எங்களுக்குத் தீடை, அவர்களுக்குத் திட்டு. அந்த ஒரு எழுத்து மாறியதும் நான் அகதியானேன். அரேனாஸின் பாஸ்போர்ட் என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று இப்போது தெரிகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. முதல் வள்ளத்தில் 17 பேருக்குத்தான் இடம். பதினேழாவது ஆளாக ஏற இருந்தவன் மாமாவின் மகன், எனக்கு ஆறு வயது இளையவன். அம்மா என்னை விட்டுப் போக மாட்டேன் என்று கரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா அவன் தோளைப் பிடித்து இறக்கி, "நீ ஏறு தம்பி. இவனை நான் அடுத்ததில கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். அடுத்த வள்ளம் பாதிக் கடலில் ஏதோ வெளிச்சத்தைக் கண்டு திரும்பிவிட்டது. அவர்கள் பேசாலைக்கே போய், பிறகு மடுவுக்குப் போனார்கள். அவன் 1993இல் ஒரு நாள் வீட்டை விட்டுப் போனான். அதற்குப் பின் செய்தி இல்லை.

நான் மண்டபம் முகாமில் பதிவானேன், படித்தேன், வேலை தேடினேன், கவிதை எழுதினேன். கடல் கடந்ததைப் பற்றிப் பதினோரு கவிதைகள். அவற்றில் 'அனுபவத்தின் அசல்தன்மை' இருப்பதாக ஒரு விமர்சகர் எழுதினார். அன்றைய வாய்ப்பாடு அது. நான் அதை நம்பினேன். துயரத்தால் சம்பாதித்தது மாதிரி, எனக்கு ஒரு தகுதி வந்துவிட்டது மாதிரி கூட்டங்களில் பேசினேன். அந்தப் பதினோரு கவிதைகளிலும் இரண்டாவது வள்ளம் கிடையாது. பாலத்துப் பதினைந்து பேரைப் பற்றிப் படித்த இரவு தொகுப்பை எடுத்துத் தேடிப் பார்த்தேன், ஒரு வரியாவது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று. இல்லை. மொழியின் குறையல்ல அது. கரைக்கு வந்தவனை வந்ததற்காகவே உரியவனாக்குகிற கணக்கு ஃப்ளோரிடாவில் உத்தியோகஸ்தர்கள் கண்டுபிடித்தது அல்ல. நான் அதற்கு முன்பே என் செலவில் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய பாலத்தில் ஏறியவனும் புதுப் பாலத்தில் ஏறியவனும் ஒரே இரவில் ஒரே பயத்தோடு கிளம்பியவர்கள். ஒருவனை அகதி என்றும் மற்றவனைச் சட்டவிரோதி என்றும் பிரித்தது கான்கிரீட்டில் ஒரு இடைவெளி.

மீதிக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2016 மே மாதம் ஏறக்குறைய இருபது கியூபர்கள் அமெரிக்கன் ஷோல் என்ற இடத்தில் கடலுக்குள் நிற்கும் பழைய இரும்புக் கலங்கரை விளக்கத்தில் ஏறித் தொற்றிக்கொண்டார்கள். இந்த முறை நீதிபதியும் அது நிலமல்ல என்றார். 2017 ஜனவரி 12ஆம் தேதி, பதவியின் கடைசி வாரத்தில், ஒபாமா உலர்ந்த காலையும் ஒழித்தார். கியூபர்களும் இனி மற்றவர்களைப் போலத்தான். ஹெய்ட்டிக்காரனுக்கு இழைத்த அநியாயத்தைக் கியூபனுக்கும் விரித்ததற்குச் சமத்துவம் என்று பெயர் கொடுத்தார்கள். 2021 ஜூலையில் கியூபாவில் மறுபடி கிளர்ச்சி வந்தபோது, கடல் வழியே வருகிற எவருக்கும் அமெரிக்காவில் இடமில்லை என்று அறிவித்த உள்நாட்டுப் பாதுகாப்பு மந்திரி மயோர்காஸ், 1959இல் ஹவானாவில் பிறந்து மறு வருஷம் கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் இரண்டு லட்சத்துக்கு மேல் கியூபர்கள், பெரும்பாலும் நிகராகுவாவுக்கு விமானம் ஏறி, மெக்சிகோ எல்லையில் நடந்து வந்து நின்றார்கள். காய்ந்த கால்களோடு.

இது அந்தக் கடலோடு நிற்கவில்லை. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 தமிழர்களை ஆஸ்திரேலியா நடுக்கடலில் பிடித்துத் தன் கப்பலிலேயே வாரக்கணக்கில் அடைத்துவைத்தது. 2015 ஜனவரியில் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அதைச் சட்டபூர்வம் என்றது. அவர்களில் பலர் இங்கே முகாம்களில் இருந்து போனவர்கள். என் முகாமில் பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் யாராவது அதில் உண்டா என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன்.

மாமா 1996இல் மாமியோடு வந்து சேர்ந்தார். அவர்களையும் ஒரு தீடையில்தான் இறக்கிவிட்டிருந்தான். மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். வலை பொத்தும் வேலை. மகனைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை; நானும் கேட்கவில்லை. திருச்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பின்னேரம், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்:

"தம்பி, அண்டைக்கு நீங்கள் நிண்ட தீடை இப்பவும் இருக்கோ?"

அதற்கு முந்தின மாதம்தான், எங்களுக்குத் தண்ணீர் தந்த மீனவர்களில் ஒருவரை ராமேஸ்வரத்தில் தற்செயலாகப் பார்த்திருந்தேன். அந்தத் திட்டு இரண்டு காற்றுக்கு முன்னாலேயே கரைந்துபோயிற்று, கிழக்கே கொஞ்சம் தள்ளி வேறொன்று எழும்பியிருக்கிறது, அதற்கும் நாலு என்றுதான் பெயர் என்று சொல்லியிருந்தார்.

"இருக்கு மாமா" என்றேன்.